ஆறு செவ்வகம், மூன்று விடை: ஒரு கியூப்சாட்டுக்கு வெப்ப மாதிரி கட்டிய பதிவு

மாணவர் குழு ஒன்று கட்டிவரும் 1யூ கியூப்சாட் என்ற சிறு செயற்கைக்கோளின் வெப்பக் கணக்கு என் பொறுப்புக்கு வந்தது. பத்து சென்டிமீட்டர் கனசதுரம், உள்ளே நான்கு மின்சுற்றுப் பலகைகள், இரண்டு 18650 பேட்டரி. உடல் வடிவமைப்பைப் பார்த்துக்கொண்டவர்கள் முழு கேட் கோப்பையும் (கணினியில் வரைந்த முப்பரிமாண வடிவம்) அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு திருகும் அதன் மரையோடு இருந்தது, ஒவ்வொரு விளிம்பும் வளைத்து மழுக்கப்பட்டிருந்தது. அழகான வேலை. ஆனால் அதை அப்படியே வெப்ப மென்பொருளுக்குள் இழுத்துப் போட வேண்டாம், செவ்வகம், வட்டத்தட்டு, உருளை என்று எளிய பரப்புகளாக நானே முதலிலிருந்து வரைந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதை எப்படிச் செய்தேன், ஒவ்வொரு படியிலும் எந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். நான் பயன்படுத்தியது ஆட்டோகேடுக்குள் இயங்கும் தெர்மல் டெஸ்க்டாப். எசாட்டான் போன்ற மற்ற வெப்ப மென்பொருள்களில் மெனுவின் பெயர்கள் மாறும், விஷயம் மாறாது.

கேட் கோப்பை ஏன் வேண்டாம் என்றேன்? வெப்பக் கதிர்வீச்சில் ஒவ்வொரு துண்டும் மற்ற ஒவ்வொரு துண்டையும் பார்க்கிறது. ஒரே வெப்பநிலை கொண்டதாக எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு துண்டும் மாதிரியில் ஒரு நோடு. நூறு நோடு இருந்தால் சுமார் 5,000 ஜோடிகள். பத்தாயிரம் நோடு ஆகிவிட்டால் 5 கோடி ஜோடிகள். ஒரு திருகின் மரைக்கு அவ்வளவு கணக்கு எதற்கு? அதைவிட முக்கியமான காரணம், விடை சரியா என்று கையால் போட்டுப் பார்க்க முடிய வேண்டும். 100 மி.மீ. சதுரத்தின் பரப்பளவு எனக்குத் தெரியும், வெயிலில் அது எவ்வளவு சூடாகும் என்பதும் ஒரு தாளில் அடங்கும். ஆயிரக்கணக்கான முக்கோணங்களாக உடைந்து வரும் ஓர் இறக்குமதி வடிவத்தில் அது முடியாது. வளைவுகளிலும் இழப்பு உண்டு. ஓர் உருளையை எட்டுப் பட்டைகளாக்கி உள்ளே பொருத்தினால் அதன் பரப்பளவு 2.5 சதவீதம் குறைந்துபோகும், ஆறு பட்டையானால் 4.5 சதவீதம். மென்பொருளின் சொந்த உருளையை வரைந்தால், கதிர்வீச்சைக் கணக்கிட அது விடும் கதிர்கள் உண்மையான வளைவிலேயே போய்ப் படும்.

தொடங்குவதற்கு முன் அலகுகள். ஆட்டோகேட் வரைபடத்தில் 100 என்றால் வெறும் 100தான், அது மில்லிமீட்டரா மீட்டரா என்பதை வெப்பப் பகுதியின் அமைப்பில் நாம் சொல்ல வேண்டும். இதை விட்டுவிட்டால் பரப்பளவில் பத்து லட்சம் மடங்கு பிசகும். மி.மீ., ஜூல், வினாடி, செல்சியஸ் என்று வைத்துக்கொண்டு மேலே போனேன்.

முதல் தட்டு

முதலில் வரைந்தது ஒரே ஒரு செவ்வகம், 100க்கு 100. மூன்று புள்ளிகள் கொடுக்க வேண்டும்: ஒரு மூலை, அங்கிருந்து எக்ஸ் திசையில் ஒன்று, ஒய் திசையில் ஒன்று. இந்த வரிசையில் கவனம் வேண்டும். வலது கை விரல்களை எக்ஸிலிருந்து ஒய் நோக்கி மடக்கினால் கட்டைவிரல் எந்தப் பக்கம் நீட்டுகிறதோ அதுதான் அந்தப் பரப்பின் ‘டாப்’ முகம். அதே மூன்று புள்ளிகளை எக்ஸ், ஒய் மாற்றிக் கொடுத்தால் திரையில் அச்சு அசலாக அதே சதுரம்தான் தெரியும், ஆனால் டாப் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும்.

வரையப்படும் பரப்புக்குத் தடிமன் கிடையாது. தடிமனை எண்ணாகத் தனியே கொடுக்கிறோம், அது வெப்பக் கொள்ளளவுக்கும் கடத்தலுக்கும் மட்டும் போகிறது. ஆனால் முகங்கள் இரண்டு உண்டு. எந்த முகம் கதிர்வீச்சில் பங்கெடுக்கிறது என்பதை ‘ஆக்டிவ் சைட்ஸ்’ என்ற இடத்தில் நாம்தான் சொல்ல வேண்டும்: டாப் மட்டும், பாட்டம் மட்டும், இரண்டும், அல்லது எதுவும் இல்லை. இந்த ஒரு தேர்வு எவ்வளவு பெரியது என்பதைக் குழுவிலுள்ள மாணவர்களுக்குக் காட்ட விரும்பினேன். எனவே தட்டு முழுக்கக் கறுப்பு, அதாவது உட்கவர்திறன் (விழும் வெயிலில் வாங்கும் பங்கு) 1, உமிழ்திறன் (வெப்பத்தை வெளியே விடும் திறன்) 1. பூமி இல்லை, சூரியன் மட்டும் நேர் செங்குத்தாக, சதுர மீட்டருக்கு 1361 வாட். சுற்றிலும் 2.7 கெல்வின் விண்வெளி.

இரண்டு முகமும் ஆக்டிவ் என்றால், ஒரு முகத்தில் வாங்கியதை இரண்டு முகத்தாலும் வெளியே விடுகிறது. 1361ஐ 2ஆல் வகுத்து, ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மன் மாறிலி 5.67 × 10⁻⁸ஆல் வகுத்து, நான்காம் படி மூலம் எடுத்தால் 331 கெல்வின், அதாவது 58 டிகிரி. டாப் மட்டும் ஆக்டிவ் என்றால் பின்பக்கத்தில் முழுமையான காப்பு இருப்பதாக அர்த்தம். வாங்குவதும் விடுவதும் ஒரே முகம், எனவே 394 கெல்வின், 121 டிகிரி. மென்பொருளும் இரண்டு முறையும் இதையே தந்தது. ஒரு சொடுக்குக்கு 63 டிகிரி வித்தியாசம். எந்தப் பொருள், எந்தப் பூச்சு என்ற விவாதத்துக்கெல்லாம் முன்பே இதைச் சரிசெய்துவிட வேண்டும்.

பூச்சையும் அங்கேயே சோதித்துவிட்டேன். மெருகேற்றிய வெறும் அலுமினியத்துக்கு உட்கவர்திறன் 0.15, உமிழ்திறன் 0.05 என்று வைத்து, இரு முகமும் ஆக்டிவ் ஆக்கினால் 162 டிகிரி வருகிறது. பளபளப்பான உலோகம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், அதனால் குளிர்ச்சியாக இருக்கும் என்றுதான் மாணவர்கள் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வாங்குவது கொஞ்சம்தான், ஆனால் விடுவது அதைவிடக் கொஞ்சம். காற்றில்லாத இடத்தில் இந்த இரண்டின் விகிதம்தான் வெப்பநிலையைத் தீர்மானிக்கிறது.

கோளமும் உருளையும்

கோளம் எங்கள் செயற்கைக்கோளில் எங்கும் இல்லை. இருந்தாலும் ஒன்றை வரைந்து பார்த்தேன், ஏனென்றால் அதன் விடை ஆரத்தைச் சார்ந்ததல்ல. கறுப்புக் கோளம், ஒரே நோடு, சூரியன் மட்டும் என்றால் ஆரம் 5 மி.மீ. ஆனாலும் 5 மீட்டர் ஆனாலும் 278 கெல்வின், 5 டிகிரி. வெயில் படும் நிழற்பரப்பு வெளிவிடும் பரப்பில் சரியாகக் கால்பங்கு. சூரியனின் திசையும் அளவும் மென்பொருளில் சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

உருளை வேறு விஷயம், பேட்டரி உருளைதான். விட்டம் 18, நீளம் 65. உருளை வரைந்தால் பக்கவாட்டுத் தகடு மட்டும்தான் வரும், மூடிகள் வராது. இரண்டு வட்டத்தட்டுகளைத் தனியாக வரைந்து மூட வேண்டும். மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு: கறுப்பு உருளை, வெயில் பக்கவாட்டில், வெளிமுகம் மட்டும் ஆக்டிவ் என்றால் 296 கெல்வின். நீளமும் விட்டமும் சமமான உருளைக்கு இரண்டு மூடியும் போட்டு எல்லாவற்றையும் ஒரே நோடாக்கினால் 267 கெல்வின். மூடிகளில் வெயில் படவில்லை, ஆனால் அவை வெப்பத்தை வெளியே விடுகின்றன. அதனால் கிட்டத்தட்ட 29 டிகிரி இறங்குகிறது. வட்டத்தட்டுகளின் டாப் முகம் வெளியே பார்க்கிறதா என்பதை ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பார்த்தேன், ஒரே திசையில் நகலெடுத்தால் ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் பார்த்துக்கொண்டு நிற்கும். ஆக்டிவ் முகங்களை நிறத்தால் காட்டும் வசதி இதற்காகவே இருக்கிறது. ஒவ்வொரு பரப்பு சேர்த்த பிறகும் அதைப் போட்டு, மாதிரியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பெட்டி

அடுத்தது ஆறு செவ்வகங்கள், எல்லாமே 100க்கு 100, டாப் முகம் வெளியே. கியூப்சாட் தரப்படி மூலைத் தண்டவாளங்களின் நீளம் 113.5 மி.மீ., அகலம் குறைந்தது 8.5 மி.மீ. அதனால் உண்மையான பெட்டி துல்லியமான கனசதுரம் அல்ல. ஆனால் கனசதுரமாக வைத்தால் கையால் கணக்குப் போட முடியும் என்பதால் முதலில் அப்படியே விட்டேன்.

இந்த ஆறு செவ்வகங்களை வைத்து மூன்று ஓட்டம் ஓட்டினேன். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆறும் கறுப்பு, வெயில் ஒரே முகத்தில் செங்குத்தாக.

முதல் ஓட்டத்தில் வெளிமுகங்கள் மட்டும் ஆக்டிவ், ஆறும் தனித்தனி நோடு, நடுவே கடத்தல் இல்லை. வெயில் முகம் 121 டிகிரிக்குப் போகிறது. மற்ற ஐந்தும் யாரோடும் பேசாமல் விண்வெளியின் வெப்பநிலைக்கே விழுந்துவிடுகின்றன. நாம் ஏற்கெனவே பார்த்த ஒற்றைத் தட்டுதான் இது.

இரண்டாவது ஓட்டத்தில் உள்முகங்களையும் ஆக்டிவ் ஆக்கினேன். இப்போது பெட்டிக்குள் கதிர்வீச்சு நடக்கிறது. ஒரு கனசதுரத்தின் உள்ளே நின்று பார்த்தால் ஒவ்வொரு முகமும் மற்ற ஐந்தையும் ஏறக்குறைய சமமாகப் பார்க்கிறது: பக்கத்து முகத்துக்கு வியூ ஃபேக்டர், அதாவது ஒரு முகம் விடும் கதிர்வீச்சில் அங்கே போய்ச் சேரும் பங்கு, 0.2000, எதிர் முகத்துக்கு 0.1998. இரண்டையும் 0.2 என்றே எடுத்துக்கொண்டால் கணக்கு சட்டென்று முடிந்துவிடுகிறது. நிழலிலுள்ள ஐந்து முகங்களும் ஒரே வெப்பநிலையில் இருக்கும். அவற்றில் ஒன்று தன் இரண்டு பக்கத்தாலும் விடுவது, வெயில் முகத்திடமிருந்து வாங்கும் 0.2 பங்குக்கும் மற்ற நான்கு நிழல் முகங்களிடமிருந்து வாங்கும் 0.8 பங்குக்கும் சமம். எனவே நிழல் முகம் உமிழ்வது வெயில் முகம் உமிழ்வதில் ஆறில் ஒரு பங்கு. இதை வெயில் முகத்தின் சமன்பாட்டில் போட்டால் அது உமிழ்வது 1361இல் 6/11 பங்கு, அதாவது 742 வாட். வெப்பநிலையாக மாற்றினால் வெயில் முகம் 65 டிகிரி, மற்ற ஐந்தும் மைனஸ் 57 டிகிரி. மென்பொருள் ஒரு டிகிரிக்குள் இதையே தந்தபோது, உள்முகங்கள் எல்லாம் ஆக்டிவ் ஆகியிருக்கின்றன என்று நம்பிக்கை வந்தது. ஒரே ஒரு உள்முகம் விட்டுப்போயிருந்தாலும் இந்த விடை வந்திருக்காது.

மூன்றாவது ஓட்டத்தில் ஆறு பரப்புகளுக்கும் ஒரே நோடு எண்ணைக் கொடுத்தேன். பெட்டி முழுக்க வெப்பம் தடையில்லாமல் ஓடும் என்று வைத்துக்கொள்வதற்குச் சமம் இது. ஒரு முகம் வாங்கி ஆறு முகமும் விடுகிறது: 251.5 கெல்வின், மைனஸ் 22 டிகிரி.

அதே வடிவம், அதே நிறம், அதே வெயில். வெயில் முகத்துக்கு மட்டும் 121, 65, மைனஸ் 22 என்று மூன்று விடைகள். நிஜச் செயற்கைக்கோள் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எங்கே என்பதைத் தீர்மானிப்பவை மூலைகளிலுள்ள திருகுகளும் பலகைக்குள் ஓடும் செம்பும்தான். படத்தை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் அந்த விடை படத்தில் கிடைக்காது. எளிய பரப்புகளில் நான் இவ்வளவு பிடிவாதமாக நின்றதற்கு இதுதான் காரணம். வரைவதில் மிச்சமாகும் நேரத்தை இணைப்புகளைப் பற்றி யோசிப்பதில் செலவிடலாம்.

இணைப்புகள், செம்பு

நோடுகளை இரண்டு விதமாக வைக்கலாம், துண்டின் நடுவில் அல்லது விளிம்பில். விளிம்பில் வைத்தால், அடுத்தடுத்த இரண்டு செவ்வகங்கள் தொடும் கோட்டில் இரண்டின் நோடுகளும் ஒரே புள்ளியில் வரும், அவற்றை ஒன்றாக இணைத்துவிடலாம். வசதிதான். ஆனால் இணைத்த இடத்தில் வெப்பத் தடை பூஜ்யம். ஒரே பலகையின் இரண்டு பகுதிகளுக்கு இது சரி. திருகால் பூட்டிய இரண்டு தனித் தகடுகளுக்குச் சரியல்ல, வெற்றிடத்தில் உலோகமும் உலோகமும் தொடும் இடம் நல்ல கடத்தியாக இருப்பதில்லை. எனவே பெட்டியின் பன்னிரண்டு விளிம்புகளிலும் நோடுகளை இணைக்காமல் விட்டு, நடுவே ‘கான்டாக்டர்’ என்ற கடத்தல் இணைப்பைப் போட்டு மதிப்பு கொடுத்தேன். ஒரு திருகுக்கு கெல்வினுக்கு 0.1 வாட் என்று ஒரு முறையும் 0.5 வாட் என்று ஒரு முறையும் ஓட்டி, விடை எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பது என் வழக்கம். அசையாத இடங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வெளிப்பலகைகள் எஃப்.ஆர்.4 எனும் கண்ணாடியிழைப் பொருள், தடிமன் 1.6 மி.மீ. எஃப்.ஆர்.4இன் வெப்பம் கடத்தும் திறன் மிகக் குறைவு, மீட்டர்-கெல்வினுக்கு சுமார் 0.3 வாட். இதை அப்படியே மென்பொருளில் கொடுத்தால் பலகை முழுவதும் திட்டுத்திட்டாகச் சூடு நிற்கும். ஆனால் பலகைக்குள் செம்புத் தளம் இருக்கிறது. 35 மைக்ரான் தடிமனுள்ள ஒரு முழுச் செம்புத் தளம், பலகையின் வாட்டத்தில், 1.6 மி.மீ. எஃப்.ஆர்.4ஐப் போல ஏறக்குறைய 28 மடங்கு கடத்துகிறது. தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம்! இரண்டு முழுத் தளங்கள் இருந்தால் பலகையின் வாட்டத்துக்கு மீட்டர்-கெல்வினுக்கு சுமார் 17 வாட் என்று கொடுக்கலாம். தளம் துண்டுதுண்டாக வெட்டுப்பட்டிருந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும். மின்சுற்று வரைந்த மாணவியிடம் அடுக்கு வாரியாகச் செம்பு நிரப்பிய சதவீதத்தை வாங்கிக்கொண்டேன், வெப்ப மாதிரிக்கு அந்த எண்ணைவிடப் பயனுள்ள எதையும் கேட் கோப்பிலிருந்து பெற்றிருக்க முடியாது.

தடிமனின் குறுக்கே செம்பு உதவாது. அங்கே 0.3தான். இரண்டாவது ஓட்டத்தில் வெயில் முகத்திலிருந்து உள்ளே போன வெப்பம் சதுர மீட்டருக்கு சுமார் 620 வாட், அது 1.6 மி.மீ. எஃப்.ஆர்.4ஐக் கடக்க 3 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வேண்டும். எங்களுக்கு அது பொறுக்கக்கூடியது என்று விட்டுவிட்டேன். பொறுக்க முடியாதவர்கள் பரப்பின் இரு பக்கத்துக்கும் தனித்தனி நோடு வைத்துக்கொள்ளலாம்.

சூரிய மின்கலங்கள்

ஒவ்வொரு முகத்திலும் இரண்டு மும்மைச் சந்திக் கலங்கள் (மூன்று அடுக்குக் குறைக்கடத்தி கொண்டவை), ஒவ்வொன்றும் 40க்கு 80 மி.மீ. பலகையின் மேல் கலத்தை இன்னொரு செவ்வகமாக வரையலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இரண்டு பரப்புகள் ஒரே தளத்தில் கிடந்தால், கதிர் எதில் முதலில் படுகிறது என்பதை மென்பொருளால் சொல்ல முடியாது. தசம இலக்கத்தின் கடைசியில் வரும் பிசிறுதான் அதைத் தீர்மானிக்கும். திரையில் நிறங்கள் கலந்து மினுமினுப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிறு இடைவெளி விட்டு வரைவது ஒரு வழி. அப்போது இடைவெளிக்குள் எதிரெதிரே நிற்கும் முகங்களை என்ன செய்வது என்ற கேள்வி வரும், ஆக்டிவ் இல்லாத முகத்தில் கதிர் போய்ப் பட்டால் மென்பொருள் எச்சரிக்கை தரும்.

நான் பலகையையே துண்டாக்கினேன். இரண்டு கலங்களும் சேர்ந்து 80க்கு 80 இடத்தை அடைக்கின்றன. நடுவில் 80க்கு 80 செவ்வகம், மேலும் கீழும் 100க்கு 10 பட்டைகள் இரண்டு, இடமும் வலமும் 10க்கு 80 பட்டைகள் இரண்டு. பரப்பளவைக் கூட்டினால் 6400, 2000, 1600, மொத்தம் 10,000 சதுர மி.மீ., எங்கும் மேலடுக்கு இல்லை. எல்லாம் ஒரே பலகை என்பதால் இங்கே விளிம்பு நோடுகளைத் தயங்காமல் இணைத்தேன். நடுச் செவ்வகத்தின் வெளிமுகத்துக்குக் கலத்தின் குணம், உட்கவர்திறன் 0.92, உமிழ்திறன் 0.85. பட்டைகளுக்குப் பலகைப் பூச்சின் குணம்.

உட்கவர்திறனில் ஒரு நுணுக்கம் உண்டு. கலம் வாங்கும் ஒளியில் ஒரு பங்கு மின்சாரமாக வெளியேறிவிடுகிறது, அது அந்த இடத்தில் வெப்பமாவதில்லை. இந்தக் கலங்களின் மூலைகள் வெட்டப்பட்டிருக்கும், ஒன்றின் உண்மைப் பரப்பு சுமார் 30 சதுர செ.மீ. 30 சதவீதத் திறன் என்று வைத்தால், 64 சதுர செ.மீ. செவ்வகத்தில் விழும் வெயிலில் சராசரியாக 0.28 பங்கு மின்சாரமாகிறது. எனவே மின்சாரம் எடுக்கும்போது உட்கவர்திறனை 0.64 என்று கொடுக்க வேண்டும். பேட்டரி நிறைந்து மின்சாரம் எடுக்கப்படாவிட்டால் முழு 0.92ம் வெப்பமாகப் பலகையிலேயே தங்கும். வெப்பமான எல்லைக்கு 0.92, குளிர்ந்த எல்லைக்கு 0.64 என்று இரண்டு குணங்களைச் சேமித்துவைத்தேன். எடுத்த மின்சாரம் மறைந்துவிடுவதில்லை, நேர் வெயிலில் ஒரு முகத்துக்கு சுமார் 2.5 வாட் உள்ளே பலகைகளிலும் பேட்டரியிலும் வெப்பமாக வந்து சேரும். அதை அங்கே கூட்டாமல் இங்கே மட்டும் கழித்தால் செயற்கைக்கோள் பொய்யாகக் குளிரும்.

உள்ளே

உள்பலகைகள் நான்கும் நான்கு செவ்வகங்கள், இரு முகமும் ஆக்டிவ், ஒவ்வொன்றிலும் ஒன்பது துண்டுகள். பலகைகளுக்கு இடையே இருக்கும் அலுமினிய இடைத்தூண்களை வரையவே இல்லை. வெளிவிட்டம் 5, துளை 3, உயரம் 15 மி.மீ. என்றால் ஒரு தூண் கெல்வினுக்கு சுமார் 0.14 வாட் கடத்தும், நான்கும் சேர்ந்து 0.56. ஒரு பலகை தன் இரு முகத்தாலும் கதிர்வீச்சால் விடுவது அறை வெப்பநிலையில் கெல்வினுக்கு 0.1 வாட் அளவுதான். ஆகவே தூணின் கடத்தல் பெரிய விஷயம், தூணின் வடிவம் ஒரு விஷயமே இல்லை. நோடுக்கு நோடு ஒரு கடத்தி, அதற்கு ஓர் எண், முடிந்தது. நடுவே போகும் எஃகுத் தண்டு ஒரு தூணுக்கு 0.0075 அளவே கடத்துகிறது, அதைச் சேர்க்கவில்லை. அளவுநாடா போன்ற ஆன்டெனாக்களையும் விட்டுவிட்டேன், அவற்றின் நிழல் மெலிது, அவை கடத்தும் வெப்பமும் மிகச் சொற்பம்.

பேட்டரிகள் மூடியோடு கூடிய இரண்டு உருளைகள், ஆளுக்கொரு நோடு. மாதிரி முழுவதுமே இந்த இரண்டு நோடுகளுக்காகத்தான் என்றுகூடச் சொல்லலாம். லித்தியம் அயனி பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, 45க்கு மேலும் பொதுவாக விடமாட்டார்கள். மற்ற பாகங்கள் இதைவிடப் பொறுமைசாலிகள்.

பூமியைச் சேர்த்தல்

சுற்றுப்பாதை 500 கி.மீ. உயரம். 2017 பிப்ரவரி 15 அன்று பி.எஸ்.எல்.வி. சி37 ஒரே ஏவலில் 104 செயற்கைக்கோள்களை விட்டுவந்ததும் ஏறக்குறைய இதே உயரத்தில்தான். சிறு செயற்கைக்கோள்களுக்குப் பழகிய தெரு இது. ஒரு சுற்றுக்கு 94.5 நிமிடம். சூரியன் பாதைத் தளத்திலேயே இருந்தால் அதில் சுமார் 36 நிமிடம் நிழல்.

பூமியைச் சேர்த்ததும் வெப்பநிலையைப் பார்க்கவில்லை, முகங்களில் விழும் வெப்பத்தை மட்டும் பார்த்தேன். பூமியைப் பார்க்கும் முகத்துக்கு வியூ ஃபேக்டர், பூமியின் ஆரத்தைப் பாதையின் ஆரத்தால் வகுத்து இருமடி எடுத்தது, 0.86. பக்கவாட்டு முகங்கள் நான்குக்கும் 0.267. மேல்முகத்துக்குப் பூஜ்யம். பூமியின் அகச்சிவப்பு சதுர மீட்டருக்கு 240 வாட் என்று வைத்தால் முறையே 206, 64, 0 வாட் வர வேண்டும். வந்தது. மேல்முகத்தில் ஏதாவது எண் வந்திருந்தால் செயற்கைக்கோள் சாய்ந்து நிற்கிறது என்று அர்த்தம், பக்கங்கள் நான்கும் சமமாக வராவிட்டாலும் அப்படியே. அதன்பிறகுதான் பூமியிலிருந்து திரும்பி வரும் வெயிலை 0.3 பங்கு என்று சேர்த்தேன். சூரிய வெப்பத்துக்கும் இரண்டு எல்லை உண்டு. பூமி சூரியனுக்கு அருகே வரும் ஜனவரித் தொடக்கத்தில் சுமார் 1408 வாட், ஜூலைத் தொடக்கத்தில் சுமார் 1317.

எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை கணக்கிடுவது என்ற நேர அடியைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு சின்னக் கணக்கு. ஒரு வெளிப்பலகையின் வெப்பக் கொள்ளளவு கெல்வினுக்கு 30 ஜூல் அளவு. அது தனியாக வெளிமுகத்தால் மட்டும் குளிர்ந்தால் அதன் கால மாறிலி (வெப்பநிலை மாற ஆகும் நேரத்தின் அளவு) பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 36 நிமிட நிழல் அதற்கு மிக நீண்ட நேரம். அதனால் சுற்றுப்பாதையில் ஓரிரு இடங்களில் மட்டும் வெப்பத்தைக் கணக்கிட்டால் போதாது. நிழலுக்குள் நுழையும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும் கூடுதல் புள்ளிகள் வேண்டும்.

கதிர்களின் எண்ணிக்கையில் பலரும் தாராளமாக இருந்துவிடுகிறார்கள். நோடு ஒன்றுக்கு 5,000 கதிர்கள் விட்டால், 0.2 அளவுள்ள ஒரு வியூ ஃபேக்டரில் சுமார் 2.8 சதவீதம் தடுமாற்றம் இருக்கும். 50,000 விட்டால் 0.9 சதவீதம். பத்து மடங்கு நேரம் கொடுத்து மூன்று மடங்கு துல்லியம் வாங்குகிறோம். வெப்பநிலை நான்காம் படி மூலத்தில் வருவதால் அந்தப் பிழை இன்னும் சுருங்கிவிடுகிறது. திருகின் கடத்தல் ஐந்து மடங்கு நிச்சயமில்லாமல் இருக்கும்போது கதிரை ஏற்றிக்கொண்டே போவதில் பயன் இல்லை. வரைந்து திருத்தும் காலம் முழுவதும் 5,000, இறுதி எல்லை ஓட்டங்களுக்கு மட்டும் 50,000 என்று முடிவு செய்தேன்.

கடைசி வேலை துண்டுகளின் எல்லைகளை நகர்த்துவது. அடுத்து வெப்ப-வெற்றிடச் சோதனை வருகிறது, அதில் பலகைகளிலும் பேட்டரிகளிலும் தெர்மோகப்பிள் என்ற வெப்பநிலை உணரிகளை ஒட்டப் போகிறார்கள். ஒட்டும் இடம் இரண்டு நோடுகளுக்கு நடுவில் விழுந்தால் எதை எதோடு ஒப்பிடுவது என்ற தகராறு வரும். எனவே குழுவோடு உட்கார்ந்து ஒட்டும் இடங்களை முன்கூட்டியே முடிவு செய்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு நோடு சரியாக வருமாறு செவ்வகங்களின் பிரிவுகளைத் திருத்தினேன். நோடு எண்களைப் பலகைப் படத்தின் மேல் எழுதி அச்செடுத்து, ஒட்டப் போகிறவர்களிடம் கொடுத்தாகிவிட்டது.